அரிசியா, பணமா?

2015 செப்டம்பரில் புதுச்சேரியிலும் சண்டிகரிலும் ரேஷன் முறை தலைகீழாக மாறியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் பெறவேண்டிய குடும்பங்களுக்குத் தானியம் நின்றது. அதற்கான மானியத் தொகை வங்கிக் கணக்குக்குப் போனது. புதுச்சேரி அரசு தன் பங்காகக் கொடுத்துவந்த இலவச அரிசியையும் பணமாக மாற்றுவதா என்று பின்னால் பெரிய தகராறு மூண்டது. முதலமைச்சர் நாராயணசாமியின் அரசு அரிசியே வேண்டும் என்றது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணமே சரி என்றார். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன, ஊழியர்கள் சம்பளம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். 2024 அக்டோபரில்தான் கடைகள் மறுபடி திறந்தன.

இது நிர்வாகத் தகராறாகவும் கட்சித் தகராறாகவும் பேசப்பட்டது. அடியில் இருப்பது அறக் கேள்வி. பசியுள்ள குடும்பத்துக்கு அரசு உதவும்போது அந்த உதவி எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது?

நுண்பொருளியல் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது. கல்லூரி முதலாண்டுப் பாடத்திலேயே அது வந்துவிடும். ஒரு குடும்பம் மாதம் 40 கிலோ அரிசி சமைக்கிறது, அரசு 20 கிலோ இலவசமாகக் கொடுக்கிறது என்றால், மிச்சம் 20 கிலோவை அது எப்படியும் கடையில் வாங்கத்தான் போகிறது. அந்தக் குடும்பத்துக்கு 20 கிலோ அரிசியும் அதன் விலைக்கு ஈடான பணமும் ஒன்றே. மாதம் 10 கிலோதான் வேண்டும் என்ற குடும்பத்துக்கோ 20 கிலோ அரிசி பணத்தைவிடக் குறைந்த நன்மை. பணமாக வந்திருந்தால் 10 கிலோ அரிசி வாங்கிவிட்டு மீதியில் முட்டையோ மருந்தோ வாங்கியிருக்கலாம். ஆக, பணம் எவருக்கும் அரிசியைவிடக் குறைவில்லை, சிலருக்குக் கூடுதல் நன்மை. கணக்கு இவ்வளவுதான்.

இந்த வாதத்தைச் சந்தைக்காரர்களின் தந்திரம் என்று ஒதுக்கித் தள்ளுவது சுலபம், ஆனால் நியாயமல்ல. அதற்குள் ஒரு மரியாதை இருக்கிறது. தன் வீட்டுக்கு என்ன தேவை என்பது அந்த வீட்டாருக்கே நன்றாகத் தெரியும், அதிகாரிக்குத் தெரியாது என்று அது சொல்கிறது. ஏழையின் கையில் பணம் கொடுத்தால் குடித்துவிடுவான் என்ற பேச்சு நம் ஊர்களில் இன்றும் தாராளமாகப் புழங்குகிறது. அதைப் பேசுகிறவர்கள் தங்கள் சம்பளத்தை அரிசியாகவும் பருப்பாகவும் வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பார்களா? அரிசியாகக் கொடுப்பதன் மறுபக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேண்டாத ரேஷன் அரிசி கிலோ சில ரூபாய்க்கு வியாபாரி கைக்குப் போகிறது, மாவு மில்லுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது, மாநில எல்லை தாண்டிக் கடத்தப்படுகிறது. கொள்முதல், கிடங்கு, லாரி எல்லாம் சேர்த்து அந்த ஒரு கிலோவுக்கு அரசு ஏறக்குறைய 40 ரூபாய் செலவழித்திருக்கும். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது அதில் ஒரு துண்டு. அரிசியைப் பணமாக்கும் வேலையை ஏழை தானே செய்துகொள்கிறார், பெரிய நட்டத்தில், அதுவும் சட்டத்துக்குப் பயந்துகொண்டு.

புதுச்சேரியிலும் சண்டிகரிலும் அந்த முதல் ஆண்டைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் கண்காணித்தார்கள். தொடக்கத்தில் பணம் வந்து சேரவில்லை என்ற குறை கணிசமாக இருந்தது. மாதங்கள் போகப்போக அது குறைந்து, பணத்தை விரும்புவோர் கூடினார்கள். ஆகவே பணம் எல்லா இடத்திலும் தோற்றது என்று சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைச் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. ஒன்று விலை. ‘20 கிலோ அரிசியின் விலைக்கு ஈடான பணம்’ என்று எழுதுவது எளிது. எந்த நாளின் விலை, எந்த ஊரின் விலை? 2015-இல் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஒரு கிலோவுக்கான தொகை குறைந்தபட்ச ஆதரவு விலையின் ஒன்றே கால் மடங்கிலிருந்து ரேஷன் விலையைக் கழித்து வருவது. விவசாயியிடம் அரசு கொள்முதல் செய்யும் விலையை வைத்துப் போட்ட கணக்கு அது. மளிகைக் கடையில் குடும்பத் தலைவி கொடுக்கும் விலையை வைத்துப் போட்டது அல்ல. மழை பொய்த்து வெளிச்சந்தையில் அரிசி ஏறினால் அந்த ஏற்றத்தை யார் சுமப்பது? அரிசியாகக் கொடுத்த காலம்வரை அரசு சுமந்தது. கிடங்கில் இருக்கும் தானியத்துக்கு வெளியே என்ன விலை போனாலும் அட்டைதாரருக்கு அதே கிலோ கிடைத்தது. பணமாக்கிய மறுநாள் அந்தச் சுமை இடம் மாறுகிறது. அதைத் தாங்க மிகக் குறைந்த வலுவுள்ள வீட்டின் தலையில் போய் உட்காருகிறது. அதற்கு யாரும் அவர்களிடம் ஒப்புதல் வாங்கவில்லை. தொகையைச் சந்தை விலையோடு கட்டிவிடலாமே என்றால், கட்டலாம். ஆனால் வரவுசெலவுத் திட்டம் நெருக்கும்போது முதலில் உறைந்துபோவது இப்படிப்பட்ட தொகைகள்தான். அரிசியின் அளவைக் குறைத்தால் ஊரே கேட்கும். தொகையை ஏற்றாமல் விட்டால் வருடங்கள் கழித்துத்தான் உறைக்கும்.

விலை இன்னொரு வழியிலும் வேலை செய்கிறது. மெக்சிகோவில் ஓர் உணவு உதவித் திட்டத்தில் சில கிராமங்களுக்கு உணவுப் பொட்டலமும் சில கிராமங்களுக்குப் பணமும் குலுக்கல் முறையில் தரப்பட்டன. ஜெஸ்ஸி குன்ஹா, ஜாகோமோ டி ஜார்ஜி, சீமா ஜெயச்சந்திரன் ஆகியோர் அந்தத் தரவுகளை ஆராய்ந்தார்கள். பணம் கொடுத்த ஊர்களோடு ஒப்பிட்டால், பொட்டலம் கொடுத்த ஊர்களின் கடை விலை இறங்கியிருந்தது. ஒதுக்குப்புறக் கிராமங்களில் இந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பணம் வந்தால் எல்லோரும் அதே இரண்டு கடையில் வாங்கப் போகிறார்கள், சரக்கு கூடவில்லை, விலை ஏறுகிறது. பொருளாக வந்தால் ஊரில் சரக்கு கூடுகிறது, கடைக்காரர் விலையை ஏற்ற முடிவதில்லை. உதவி பெறாத குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. பணம் கொடுத்த ஊரில் அவர்களும் கூடுதல் விலை கொடுப்பார்கள். பாடப்புத்தகத்தின் முதல் கணக்கில் விலை அசையாமல் நிற்கிறது. மலையடிவாரத்து ஊரில் அது நிற்பதில்லை. இதைக் கண்டுசொன்னதும் அதே நுண்பொருளியல்தான் என்பதைக் குறிப்பிட வேண்டும். கோட்பாட்டின் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு கொள்கை வகுப்பவர்கள்தான் தவறு செய்கிறார்கள்.

இரண்டாவது, வீடு. அந்தக் கணக்கில் ‘குடும்பம்’ என்பது ஒரே மனதும் ஒரே விருப்பமும் உள்ள ஒற்றை ஆள். எந்த வீடும் அப்படி இல்லை. பிரிட்டனில் 1970-களின் கடைசியில் தந்தையின் வரிச்சலுகையாக இருந்த குழந்தைச் சலுகையை எடுத்துவிட்டு, தாயின் கைக்குப் போகும் உதவித்தொகையாக மாற்றினார்கள். ஷெல்லி லண்ட்பெர்க், ராபர்ட் பொல்லாக், டெரன்ஸ் வேல்ஸ் ஆகியோர் பின்னர் ஆராய்ந்தபோது, ஆண்களின் உடைக்கு ஆன செலவோடு பார்க்கையில் பெண்கள், குழந்தைகள் உடைகளுக்கான செலவு கூடியிருந்தது தெரிந்தது. வீட்டின் மொத்த வருமானம் பெரிதாக மாறவில்லை, பை மாறியது. வீட்டில் வந்து இறங்கும் 20 கிலோ அரிசி பெரும்பாலும் அடுப்படிக்குத்தான் போகும். வங்கிக் கணக்கில் விழும் தொகை எங்கே போகும் என்பது ஏ.டி.எம். அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைச் சொல்வது ஏழை ஆண்களைப் பழிப்பதல்ல, பணக்கார வீட்டிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் கொடுக்கப்படும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பெண்ணின் கணக்குக்குப் போவதும், அதற்காக ரேஷன் அரிசி நிறுத்தப்படாததும் இந்த வகையில் கவனிக்க வேண்டியவை. பணமா அரிசியா என்று மோத விடாமல் இரண்டையும் வைத்துக்கொண்டது அந்த ஏற்பாடு.

ஜார்க்கண்டில் நடந்தது மோசமான பாடம். ராஞ்சி அருகே நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் ஒரு சோதனை தொடங்கியது. கிலோ 1 ரூபாய்க்கு வாங்கிய அரிசியை அதே ரேஷன் கடையில் 32 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும், வித்தியாசத் தொகை முன்கூட்டியே கணக்கில் வரும் என்றார்கள். காகிதத்தில் யாருக்கும் நட்டமில்லை. நடப்பில் பணம் வந்ததா என்று பார்க்க வங்கிக்கு ஒரு நடை, எந்தக் கணக்கில் விழுந்தது என்று தெரியாமல் இன்னொரு நடை, எடுக்க ஒரு நடை, பிறகு கடைக்கு. ஒவ்வொரு நடைக்கும் ஒருநாள் கூலி. பொருளியலாளர் ழான் டிரேஸ் முதலானோர் நடத்திய கணக்கெடுப்பில் 97 விழுக்காட்டினர் பழைய முறையே வேண்டும் என்றார்கள். 2018 பிப்ரவரியில் மக்கள் நக்ரியிலிருந்து ராஞ்சிக்கு நடந்தே போய்ப் போராடினார்கள். ஆகஸ்டில் சோதனை கைவிடப்பட்டது.

இங்கே பொருளியலில் இன்னொரு கோட்பாட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அறத்தோடு நேராக மோதுவது அதுதான். ஆல்பர்ட் நிக்கல்ஸ், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் 1982-இல் எழுதிய கட்டுரையில் ஒரு வாதம் வைத்தார்கள். உதவி உண்மையான ஏழைக்கே போக வேண்டும், ஆனால் யார் ஏழை என்று அரசுக்குத் தெரியாது. எனில் உதவியைப் பெறுவதையே கொஞ்சம் சிரமமாக்கிவிடலாம். வசதியுள்ளவர் அந்தச் சிரமத்துக்கு வரமாட்டார். நீண்ட வரிசை, மட்டமான சரக்கு எல்லாம் அப்படிப்பட்ட சல்லடைகள். நம் ரேஷன் கடை வரிசையும் பழுப்பேறிய புழுங்கல் அரிசியும் யாரும் திட்டமிடாமலேயே இந்த வேலையைச் செய்து வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அட்டை உண்டு, ஆனாலும் வசதியான வீட்டார் பலர் அரிசி வாங்குவதில்லை. செலவுக் கணக்கில் இது திறமையான முறை.

இந்தச் சல்லடையை அறத்தின்படி ஏற்க முடியாது. தான் ஏழை என்பதை நிரூபிக்க ஒருவர் கல் அரிசியைத் தின்ன வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும் என்பது உதவிக்கு விதித்த தண்டனை. அதோடு, சிரமம் எல்லோரையும் ஒரே அளவில் வடிகட்டுவதில்லை. கைரேகை தேய்ந்துபோன கிழவியை அது முதலில் வெளியேற்றும். மூட்டுவலிக்காரரையும், கூலி போய்விடும் என்று அஞ்சுகிறவரையும், எழுதப் படிக்கத் தெரியாதவரையும் அடுத்தடுத்து வெளியேற்றும். வசதி குறைந்தவர்களிடையே மிகவும் வசதி குறைந்தவர்தான் கழிந்து போகிறார். 1997-இல் நாடு முழுவதும் வறுமைக்கோட்டை வைத்து ரேஷனைப் பிரித்தபோது தமிழ்நாடு அனைவருக்குமான முறையை விடாமல் பிடித்துக்கொண்டதன் நியாயம் இங்கே இருக்கிறது. தகுதியற்ற ஒருவருக்கு 20 கிலோ போய்விடுவதும் தகுதியுள்ள ஒருவருக்குக் கிடைக்காமல் போவதும் தணிக்கை அறிக்கையில் இரண்டு பிழைகள். அவற்றின் எடை ஒன்றல்ல. முதலாவதில் நட்டப்படுவது கருவூலம். இரண்டாவதில் நட்டப்படுவது ஒரு வயிறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் கூட்டிக் கழிப்பவர் பொருளியல் பேசுவதாக நினைக்கலாம். ஆனால் எந்தப் பிழைக்கு எவ்வளவு எடை என்பது பொருளியலுக்குள்ளிருந்து வருவதில்லை, வெளியிலிருந்துதான் வருகிறது.

அப்படியானால் அரிசிதானா விடை? அப்படிச் சொன்னால் முதலில் ஏற்றுக்கொண்ட அந்த மரியாதையைக் கைவிட்டதாகிவிடும். வீட்டாருக்குத்தான் தெரியும் என்பது உண்மையானால், அரிசியா பணமா என்பதும் அவர்களுக்கே தெரியும். நகரத்தில் அரிசிக்கடை ஆயிரம் இருக்கும் தெருவில் வாழ்பவர் பணம் கேட்கலாம். கடைக்குப் பேருந்தேறிப் போக வேண்டியவர் அரிசி கேட்பார். ஒரே வீட்டில் கணவன் பணமும் மனைவி அரிசியும் கேட்டால் மனைவியின் சொல்லுக்கு முதலிடம் தர வலுவான காரணம் உண்டு. தமிழ்நாட்டில் இதன் சிறு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. அரிசி அட்டை வேண்டாம் என்பவர் சர்க்கரை அட்டை வாங்கிக்கொண்டு கூடுதல் சர்க்கரை பெறலாம். அதைவிட அகலமான தெரிவைத் தர முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. 2015 விதிகள் மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதலைக் கேட்டன. அட்டைதாரரின் ஒப்புதலுக்கு அவற்றில் இடமில்லை.

தெரிவு கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒரு ரேஷன் கடையை நடத்த வாடகை, விற்பனையாளர் சம்பளம், லாரிச் செலவு எல்லாம் அட்டைகள் குறைந்தாலும் அப்படியே இருக்கும். ஊரில் பாதிப்பேர் பணத்துக்கு மாறிவிட்டால் மீதிப்பேருக்கான கடை கட்டுப்படியாகாது என்று மூடிவிடுவார்கள். ஒருவரின் சுதந்திரமான தெரிவு இன்னொருவரின் தெரிவை அழித்துவிடும். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசு இலவசத் தானியத்தைப் புதுச்சேரிக்கும் தானியமாகவே அனுப்பியது. ஊரடங்கில் பணம் போதாது என்று டெல்லிக்கே தெரிந்தது. ஆனால் கொடுக்க வேண்டிய இடத்தில் கடைகள் இயங்கவில்லை. மூடிய கடையைத் தேவைப்படும் அன்று காலையில் திறந்துவிட முடியாது.

எனவே பணத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோடு, கடை திறந்திருக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்தே வர வேண்டும். தொலைவில் இருக்கும் குக்கிராமங்களுக்காகத் தமிழ்நாட்டில் நடத்தப்படும் பகுதிநேரக் கடைகள், வாரத்தில் ஒருசில நாள் மட்டும் திறந்தாலும், இந்தக் கடமையை எப்படி நிறைவேற்றுவது என்று காட்டுகின்றன. அதற்கு ஆகும் செலவைப் பணம் கேட்ட அட்டைதாரரின் தொகையில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை எழக்கூடும், பார்ப்பதற்கு நியாயமாகவும் தோன்றும். ஆனால் அது ஓர் ஏழையின் தெரிவுக்கு இன்னொரு ஏழையிடம் அபராதம் வாங்குவது. அந்தக் கடை அரிசி வாங்குபவருக்கு மட்டுமானதல்ல. விலை ஏறும் ஆண்டில் பணத்திலிருந்து அரிசிக்குத் திரும்ப நினைப்பவருக்கும், ரேஷனையே தொடாமல் வெளிச்சந்தை விலை கட்டுக்குள் இருப்பதால் மிச்சம் பிடிப்பவருக்கும் அதுவே காப்பு. எல்லோரும் பயன்பெறும் அந்தக் காப்பின் செலவை எல்லோரும் கட்டும் வரியிலிருந்தே எடுக்க வேண்டும்.