முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுமா?

(மந்தைவெளி பள்ளிவாசலில் நிகழ்த்திய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



சமீப காலமாக நம் மஹல்லாவில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "ஹஜ்ரத், அத்தாவை ஒரு ஹோமில் சேர்க்கலாம் என்று யோசிக்கிறோம். கூடுமா, கூடாதா?"

இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட பிள்ளைகள் அல்லர். ஒரு மகன் துபாயில் இருப்பார், மகள் சிங்கப்பூரில் இருப்பார். இங்கே இருப்பது ஒரு மகன்தான். லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி வீடு. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கவாதம் வந்து படுத்த தந்தையைத் தூக்கி உட்கார வைக்கவே இரண்டு பேர் வேண்டும். வீட்டோடு வைத்த ஆளும் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறார். இந்த நெருக்கடியை அனுபவிக்காதவர் அவர்களைக் குறை சொல்வது எளிது.

ஆனால் "கூடுமா, கூடாதா" என்பது பாதிக் கேள்விதான். மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை: சேர்த்த பிறகு என் பொறுப்பு என்ன? அங்கே அவரை நன்றாகக் கவனிக்கிறார்கள் என்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? இன்று அந்த மீதிப் பாதியைத்தான் பேசப் போகிறோம்.

'இந்தக' என்ற சொல்

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆவது வசனம் நாம் எல்லோரும் அறிந்தது. முதுமையடைந்த பெற்றோரிடம் 'உஃப்' என்றுகூடச் சொல்லக் கூடாது என்று அதில் அல்லாஹ் தடுக்கிறான். அந்தத் தடைக்கு முன்னால் ஒரு சிறிய சொல் வருகிறது: 'இந்தக'. 'உன்னிடத்தில்' என்று பொருள். பெற்றோர் 'உன்னிடத்தில்' முதுமையை அடைந்தால் என்றே அந்த வசனம் பேசுகிறது.

இதற்கு விளக்கம் எழுதிய இமாம் ஸமக்ஷரீ அவர்கள், பெற்றோர் தள்ளாமையடைந்து, பிள்ளையைத் தவிர வேறு பொறுப்பாளர் இல்லாமல், அவனுடைய வீட்டிலும் அவனுடைய 'கனஃபி'லும் இருக்கும் நிலை என்கிறார்கள். அரபியில் 'கனஃப்' என்றால் அரவணைப்பு, பாதுகாப்பு. பறவையின் இறக்கைக்கும் இதே சொல் வரும். அடுத்த வசனத்திலேயே பெற்றோருக்காகப் பணிவின் இறக்கையைத் தாழ்த்தும்படி கட்டளை வருவதையும் சேர்த்துப் பாருங்கள்.

வீடு ஒன்று, இறக்கை ஒன்று. நிர்பந்தத்தால் தந்தை உன் வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் இருக்க நேரலாம். இறக்கையை எடுத்துக்கொள்ள மட்டும் உனக்கு அனுமதி இல்லை. அவர் எங்கே படுத்திருந்தாலும் 'உன்னிடத்தில்' இருக்கிறார்.

பராமரிப்புக்கு ஆள் வைப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. பெற்றோருக்குப் பணியாள் தேவைப்பட்டால் அந்தச் செலவும் பிள்ளை தர வேண்டிய நஃபகாவில் சேரும் என்று ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. ஆனால் ஆளை நியமிப்பதும் கடமை நிறைவேறுவதும் ஒன்றல்ல. நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டத்தை உதாரணமாகச் சொல்கிறேன். ஜகாத் பணத்தை ஏழைக்குக் கொடுக்கச் சொல்லி ஒருவரை வக்கீலாக நியமிக்கிறீர்கள். அவர் பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட நேரத்தில் உங்கள் ஜகாத் நிறைவேறிவிட்டதா? இல்லை. அது ஏழையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முதியோர் இல்லத்துக்கு மாதா மாதம் அனுப்பும் பணமும் அப்படித்தான். நிர்வாகத்தின் வங்கிக் கணக்கில் சேர்ந்ததற்கு ரசீது வரும். தந்தையின் தட்டிலும் படுக்கையிலும் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ரசீது வராது. அதை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

குண்டலப்புலியூர் தரும் பாடம்

விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டி அருகே குண்டலப்புலியூரில் இயங்கிய ஓர் ஆசிரமத்தைப் பற்றி 2023 பிப்ரவரியில் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது வெளிச்சத்துக்கு வந்த விதத்தைக் கவனியுங்கள். ஒரு முதியவர் 2021 இறுதியில் அங்கே சேர்க்கப்பட்டார். வெளிநாட்டில் இருந்த உறவினர் 2022-இல் அவரைப் பார்க்க வந்தபோது, அவர் அங்கே இல்லை. பெங்களூரில் உள்ள வேறொரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே போய்த் தேடினால் அங்கும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அதன் பிறகு அதிகாரிகள் அந்த ஆசிரமத்துக்குள் போய்ப் பார்த்தபோது, முறையான பதிவே இல்லாமல் அது இயங்கியது தெரிந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லும். நாம் அதில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

நமக்கான பாடம் வேறு. அத்தனை பேர் இருந்த இடத்தின் கதவு திறந்ததற்குக் காரணம், ஒரே ஒரு முதியவரைத் தேடி ஒருவர் விடாப்பிடியாகக் கேட்டதுதான். காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த ஓர் இல்லத்தைப் பற்றி 2018 பிப்ரவரியில் எழுந்த பிரச்சினையும் இப்படித்தான் தொடங்கியது. வேனில் இறந்தவரின் உடலோடு உட்கார வைத்து அழைத்துச் செல்லப்பட்ட ஒரு மூதாட்டி சத்தம் போட்டார். சாலையில் போனவர்கள் வேனை நிறுத்தினார்கள். பிறகுதான் அரசு உள்ளே போய்ப் பார்த்து, அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றியது.

கேட்க ஆள் இருக்கிறது என்பதுதான் முதியவருக்குப் பெரிய பாதுகாப்பு. கேட்க ஆள் இல்லாத இடத்தில் நல்ல நிர்வாகமும் நாளடைவில் தளர்ந்துவிடும்.

குவியலுக்குள் கை விட்டவர்கள்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனார்கள். மேலே காய்ந்து நன்றாக இருந்தது. நபியவர்கள் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இந்தச் சம்பவத்தை வியாபாரிகளுக்கான பாடமாகவே சொல்லி வருகிறோம். சோதித்துப் பார்ப்பவருக்கும் இதில் பாடம் இருக்கிறது. நபியவர்கள் கண்ணால் பார்த்ததோடு நிற்கவில்லை.

நாம் முதியோர் இல்லத்தை எப்படிப் பார்க்கிறோம்? வரவேற்பறையின் டைல்ஸ், வாசலில் பூந்தொட்டி, ஏசி அறை, நிர்வாகியின் இனிமையான பேச்சு. இவை எல்லாம் குவியலின் மேற்பகுதி. உள்ளே கை விடுவது எப்படி? அனுபவமுள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சொல்லாமல் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, இரவு எட்டு மணிக்குமேல் ஒரு தடவை. பகலில் ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் இரவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். முதியவர்கள் விழுவதும் மூச்சுத் திணறுவதும் பெரும்பாலும் யாரும் பார்க்காத நேரத்தில்தான்.

உடலைப் பாருங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். முகத்தை மட்டும் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு வந்தால் அது தெரியாது. நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்திருக்கிறதா, எடை குறைகிறதா என்று கவனியுங்கள். மாதா மாதம் எடை பார்த்து எழுதும் நோட்டு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மருந்துச் சீட்டைக் கேளுங்கள். பகலெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால், எந்த மருந்து, எந்த மருத்துவர் எழுதியது, எதற்காக என்று விசாரியுங்கள். தொந்தரவு செய்யாமல் இருக்க ஒரு மனிதரைத் தூங்க வைப்பது பராமரிப்பு ஆகாது.

தனியாகப் பேசுங்கள். ஊழியர் பக்கத்தில் நிற்கும்போது எந்த முதியவரும் குறை சொல்ல மாட்டார்; நீங்கள் போன பிறகு அவர் அங்கேதானே இருக்க வேண்டும்! தனியாகப் பேச விடவில்லை என்றால் அதுவே ஒரு பதில். ஞாபக மறதி நோய் உள்ளவர் "சோறே போடுவதில்லை" என்பார். அதைக் கேட்டதும் சண்டைக்குப் போகவும் வேண்டாம், "அவருக்கு மறதி" என்று ஒதுக்கவும் வேண்டாம். எடை நோட்டையும் தட்டையும் பாருங்கள். வாய் சொல்ல முடியாததை உடல் சொல்லும்.

தொழுகைக்கு உளூ அல்லது தயம்மும் செய்ய உதவுகிறார்களா? கிப்லா தெரியுமா? உணவு ஹலாலா? உம்மாவைக் குளிப்பாட்டுவதும் உடை மாற்றுவதும் பெண் ஊழியரா? மவ்த் ஆனால் முதலில் யாருக்குத் தகவல் சொல்வார்கள்? இவற்றைச் சேர்ப்பதற்கு முன்பே பேசி எழுதி வாங்குங்கள். அரசுப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. சந்தேகம் இருந்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567 என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் மேல்நாட்டு வழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1284-இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய மருத்துவமனையின் வக்ஃபு பத்திரத்தில், ஒவ்வொரு நோயாளிக்கும் அவருக்கென்று தனிப் பாத்திரத்தில் உணவை மூடிக் கொடுக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்தார்கள். கவனிப்பின் தரத்தை நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் எழுதி, கேட்டு, சரிபார்த்த சமுதாயம் இது.

எந்த அளவுகோலால் அளக்கிறோம்?

'முதஃப்ஃபிஃபீன்' அத்தியாயம், தனக்கு வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்து அளப்பவர்களைக் கண்டிக்கிறது. எல்கேஜி சேர்க்கைக்கு எத்தனை பள்ளிக்கூடம் ஏறி இறங்குகிறோம்! கழிப்பறை எப்படி, வேனில் ஆயா உண்டா, டீச்சர் அடிப்பாரா என்று எத்தனை பேரிடம் விசாரிக்கிறோம்! பிள்ளைக்கு ஒரு படி, பெற்றோருக்கு ஒரு படியா? நம்மை வளர்த்தபோது அவர்கள் எதையும் குறைத்து அளக்கவில்லை.

இன்னொரு பக்கமும் நீதி வேண்டும். அங்கே வேலை செய்யும் பெண்களில் பலர் குறைந்த சம்பளத்தில், தூக்கமில்லாமல், பெற்ற பிள்ளைகளே செய்யத் தயங்கும் வேலையைச் செய்கிறார்கள். உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எங்கே கட்டணம் குறைவு என்று மட்டும் தேடினால், அந்தக் குறைவு ஊழியரின் சம்பளத்தில் விழும்; அங்கிருந்து நம் தந்தையின் படுக்கையில் விழும். சோதிக்கப் போகும்போது அந்த ஊழியரின் பெயரைக் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள்.

வெட்கம் செய்யும் கேடு

ஜமாஅத்தாரே, இப்போது நம்மைப் பற்றி. "பெத்தவங்களை ஹோம்ல தள்ளிட்டான்" என்று நாம் பேசும் பேச்சு அந்த முதியவரை ஒரு நாளும் காப்பாற்றியதில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்து மகன் என்ன செய்கிறார்? யாருக்கும் தெரியாத தூரத்து ஊரில் சேர்க்கிறார். சொந்தக்காரர் கேட்டால் "தங்கச்சி வீட்டுல இருக்காங்க" என்கிறார். சித்தப்பாவுக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது, போய்ப் பார்க்க ஒருவருமில்லை. நம் ஏச்சு அந்த முதியவரின் பார்வையாளர்களைப் பறித்துவிடுகிறது. வசதியும் ஆளும் இருந்தும் பெற்றோரை வெளியே தள்ளுவது பாவம். அதை நான் இந்த மிம்பரில் நின்று மறைக்க மாட்டேன். ஆனால் நிர்பந்தத்தில் சேர்த்தவரை வெட்கப்படுத்தி ஒளிய வைப்பதால் நன்மை யாருக்கும் இல்லை. அவர் வெளிப்படையாகச் சொல்லட்டும். பக்கத்து ஊரிலேயே சேர்க்கட்டும். நாமும் போய்ப் பார்ப்போம்.

மதீனாவின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிய ஒருவர் சில நாள் தென்படவில்லை. நபி (ஸல்) அவர்கள் அவரைப் பற்றிக் கேட்டார்கள். இறந்துவிட்டார் என்றார்கள் தோழர்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, கப்ருக்கே சென்று தொழுதார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. அந்தச் சமுதாயத்தின் தலைவருக்கு இருந்த வேலைகளுக்கு நடுவில், ஒருவர் காணவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தது.

நம் முன் வரிசையில் வருடக்கணக்காகத் தொழுத பெரியவர்களில் யாரைக் காணவில்லை என்று இன்று யோசியுங்கள். அவர் எங்கே இருக்கிறார்? வீட்டில் என்றால் வீட்டுக்கும், இல்லத்தில் என்றால் இல்லத்துக்கும், இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் இரண்டு பேர் சேர்ந்து போங்கள். மகன் அருகில் இல்லாவிட்டால், போய் வந்து பார்த்ததை அவருக்கு ஃபோனில் சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோருக்கு அவர்கள் எங்களைச் சிறுவயதில் வளர்த்தது போல் அருள் செய்வாயாக! அவர்கள் எங்கே இருந்தாலும் எங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள் என்ற உணர்வை எங்களுக்குத் தருவாயாக! கேட்க ஆளில்லாத முதியவர்களுக்கு எங்களைக் கேட்பவர்களாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.