தந்தையின் கடிகாரம்

திருத்தணி மலைக்கோவிலுக்கு ஏறும் படிகள் 365. அவை ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பர். தேய்ந்த படி ஒன்றை அகற்றிப் புதுக்கல் பதித்தாலும் வழி பழைய வழியே. தந்தை விட்டுச்சென்ற கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கும்போதும் இதே வினா எழுகிறது: உறுப்புகள் மாறிய பின்னும் அது அவருடைய கடிகாரந்தானா?

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரங்கள் உருவாகத் தொடங்கின. சாவி கொடுத்து ஓட்டும் அதன் 'ஜனதா', எளிய குடும்பங்கள் பலவற்றின் முதற்கடிகாரம். 2016-இல் அக்கடிகார நிறுவனத்தை மூட நடுவண் அரசு முடிவு செய்தது. ஆகவே இன்று ஓர் உறுப்பு உடைந்தால், ஓடாத வேறொரு கடிகாரத்திலிருந்தே பல வேளைகளில் எடுத்துப் பொருத்துகின்றனர். எவரோ ஒருவரின் தந்தை அணிந்தது நம் தந்தையின் கடிகாரத்தை ஓட்டுகிறது.

பெட்டியில் பூட்டி வைத்தால் உறுப்பு எதுவும் மாறாது. ஆனால் கடிகாரமும் ஓடாது. நாம் பெற்றது உலோகத்தையா, நாள்தோறும் தவறாமல் சாவி கொடுத்த ஒழுங்கையா? உலோகமெனில், ஒவ்வொரு மாற்றமும் இழப்பே. ஒழுங்கெனில், அது ஓடும்போதுதான் நாம் உரிமையாளர் ஆகிறோம். ஆயினும் மங்கிய முகப்புக்குப் புதுவண்ணம் பூசுவது வேறு. அது பழுதுநீக்கமன்று, முதுமையை மறைத்தலே. ஓடுவதற்கு வேண்டியதை மாற்றுவோம். அவர் வாழ்ந்த சுவடுகளை விட்டுவைப்போம். நாளைக் காலையும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டியவர் நாமே.