நஷ்டஈடு தானமாகுமோ?

வேலை செய்த இடத்துத் தூசியால் நுரையீரல் கெட்டவனுக்குக் கொடுக்கப்படும் பணம் தானமா, கடனா என்று அன்பர் ஒருவர் அல்சூரில் நடந்த ஞாயிறு உபந்நியாசத்தின் முடிவில் வினவினார். அவ்வமயம் யான் கூறிய விடை அரைகுறையானது. அதனை ஈண்டு நிரப்ப முயலுகின்றேன்.

கல்நார் என்பது பாறையினின்று எடுக்கப்படும் நார். தீயில் வேகாது, பஞ்சைப்போல் நூற்கவும் நெய்யவும் கூடும். ஆகலின் நீராவிக் குழாய்களுக்கு உறையாகவும், சிமெண்டோடு கலந்து கூரைத் தகடாகவும் உலகெங்கும் பரவிற்று. நம் தெருக்களில் அக்கூரையின்கீழ் வளர்ந்தோர் பலர். அதன் நுண்துகள் மூச்சோடு உட்புகுந்தால் நுரையீரலில் தங்கித் தழும்பேற்றும், புற்றும் விளைக்கும். நோய் வெளிப்பட 20 ஆண்டும் செல்லும், 40 ஆண்டும் செல்லும். வழக்கின் சிக்கலெல்லாம் இந்த இடைக்காலத்திலேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நகரத்தில் நெல்லி கெர்ஷா என்ற பெண் 12 வயதில் பஞ்சாலைக்குச் சென்று, பின்னர் கல்நார் நூற்கும் ஆலைகளில் உழைத்து, 1924-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தம் 33-வது வயதில் மாண்டார். நோயுற்றோர்க்கு உதவும் இன்ஷூரன்ஸ் சங்கமோ, இது தொழிலால் வந்த நோய், முதலாளியிடம் கேள் என்றது. டர்னர் பிரதர்ஸ் கம்பெனியோ, இப்படியொரு நோயே கிடையாது, சட்டத்தின் அட்டவணையில் இல்லை என்றது. நோய் உண்டென்றவர் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவர் நோயில்லை என்றார். ஈமச்செலவுக்கும் கம்பெனி உதவ மறுத்தது. ஒருவருக்குக் கொடுத்தால் பலருக்கும் கொடுக்க நேரிடுமே என்பது அதன் அச்சம்.

பிற நாட்டுக் கதை போதும். என் குற்றத்தையும் கூறவேண்டும். யான் ஆலையில் நூற்புப் பகுதியில் இருந்தபோது, கொதிகலன் கொட்டகையில் ஒருவர் இருந்தார். நீராவிக் குழாய்களுக்குக் கல்நார்க் கயிறு சுற்றுவது அவர் பணி. உணவு வேளையில் அவர் சட்டையை உதறினால் வெண்பொடி பறக்கும். மாவு மில் முதலாளி வருகிறார் என்று நகைப்போம். ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்து அவருக்கு மூச்சிரைப்புக் கண்டது. வைத்தியர் பழைய தொழிலைக் கேட்டு, எக்ஸ்ரே பார்த்து, கல்நார் நோய் என்று தாளில் எழுதினார். ஈடு கேட்கலாமா என்று அவர் என்னிடம் வந்தார். பிரசங்கத்தில் புதிதாக இறங்கியிருந்த ஊக்கத்தில் யான், “முன்வினை அண்ணா, பொறுத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவரும் பொறுத்துக்கொண்டார். தாளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார். 2 ஆண்டில் மறைந்தார்.

வேதனையெல்லாம் முன்வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே என வினவிய சீவகனுக்குப் பகவன் அளித்த விடை சம்யுத்த நிகாயத்தில் இருக்கிறது. பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவ மாற்றம், தாக்குதல் முதலியவற்றாலும் வேதனை பிறக்கும்; எல்லாவற்றையும் வினைமேல் ஏற்றுவது கண்கூடாகக் காண்பதற்கு மாறு என்பதே அதன் கருத்து. யான் அதனை வாசித்தது அவர் மறைந்த பின்னர்.

இனி, அக்காலத்தில் முதலாளி அறியாமல் செய்தார், எண்ணமே வினையெனில் அவர்மேல் குற்றமேது என்பர் சிலர். அறியாதவர் பாவியல்லர் என்பதை ஒப்புகிறேன். ஆயின் பாவம் வேறு, கடன் வேறு. இரவல் வாங்கிய வண்டியின் அச்சு நம்மையறியாமல் முறிந்தாலும் வண்டிக்காரனுக்கு அச்சு நாம்தானே தரவேண்டும்? அன்றியும், 1930-இல் பிரிட்டிஷ் சர்க்காரின் விசாரணையே இத்தூசியின் கேட்டை வெளியிட்டு, 1931-இல் விதிகளும் செய்யப்பட்டன. அதன்பின் அறியோம் என்பது எத்தனை காலம் செல்லும்?

தானம் கொடுப்பவன் தொகையையும் நாளையும் ஆளையும் தானே தெரிந்தெடுக்கலாம். கடன்பட்டவனுக்கு அவ்வுரிமை இல்லை. அவர் படுத்திருந்த நாளில் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டார்க்கு அவர்பால் யாதொரு கடனும் இல்லை. அவர்கள் செய்ததே தானம். ஆலை தரவேண்டியதையும் தானம் என்போமாயின், அக்கஞ்சிக்கு வைக்கப் பெயர் ஏது?

நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் கல்நார் நோய் இடம்பெற்றிருந்தது. எனினும் வேலையை விட்டவனுக்கு 2 ஆண்டுக்குள் அறிகுறி தோன்றவேண்டும் என்று அச்சட்டம் வரையறுத்தது. 30 ஆண்டு உறங்கும் நோய்க்கு 2 ஆண்டுத் தவணை! அகமதாபாத்து நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி நிலையம் தொடுத்த வழக்கில் 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு, தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையில் அடங்கியது எனத் தீர்ப்பளித்தது. நோய் உறுதியானவர்க்கு 1 லட்சம் ரூபாய் தரவேண்டும். உடல்நலப் பதிவேடுகளை வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலை நீங்கியபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்றது. கல்நாரின் உபயோகமோ இந்நாட்டில் இன்றும் முற்றிலும் தடுக்கப்படவில்லை.

ஆலையே மறைந்துவிட்டால் யார் தருவது? ஜப்பானில் ஆலைக்கு வெளியே வாழ்ந்தவர்களும் நோயுற்றது 2005-இல் வெளியாகவே, 2006-இல் அவர்களுக்கும் உதவச் சட்டம் செய்தனர். பிரிட்டனில் முதலாளியையோ அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியையோ கண்டுபிடிக்க இயலாத புற்றுநோயாளிகளுக்கென 2014-இல், இன்று தொழில் நடத்தும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளிடம் வரி பெற்று நிதி அமைத்தனர். கடன்காரன் ஓடிவிட்டாலும் கடன் ஓடுவதில்லை என்று அந்நாட்டார் கண்டனர் போலும்.

சென்ற மாதம் அவர் மனைவியாரைக் காணச் சென்றேன். பெட்டியைத் திறந்து ஆலை டோக்கன், ஈ.எஸ்.ஐ. அட்டை, வைத்தியர் எழுதிய தாள் மூன்றையும் என் கையில் கொடுத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. வக்கீல் ஒருவரிடம் சேர்த்திருக்கிறேன். காலம் கடந்தது என்பார்கள், ஆயினும் பார்ப்போம் என்றார் அவர். கொதிகலன் கொட்டகையில் உடன் உழைத்த சாட்சிகள் வேண்டுமாம். எந்த ஆலை என்பது அங்கு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அவர்களுள் எவரேனும் இதனை வாசிக்க நேர்ந்தால், ஞாயிறு மாலை கூட்டத்திற்கு வந்து என்னைக் காணுமாறு வேண்டுகிறேன்.