சமைத்தவள் பசி

பொங்கலன்று தென்னூர் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தலைவாழை இலைகள் தீர்ந்துபோய், ஓர் ஏட்டுத் துண்டைப் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்தாள். ரசம் சாதம் இரண்டு வாய், மோர் சாதம் இரண்டு வாய். வடை, சர்க்கரைப் பொங்கல், விடியற்காலையிலிருந்து அவள் கூட்டிய ஏழுகாய்க் குழம்பு எதுவும் அந்த ஏட்டுக்கு வரவில்லை. ஏம்மா என்றேன். “அடுப்படி வாசத்துலயே வயிறு ரொம்பிருச்சு. நீ போய்ச் செத்த படு” என்றாள்.

புதிய பேச்சில்லை. பாட்டி சொல்லியிருக்கிறாள், அத்தைகள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இந்தமுறை அது என்னை விடவில்லை. அன்று காலை முழுக்க அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். படையல் முடியும்வரை எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது. கரண்டியைத் தூக்கி, ஆவியை முகர்ந்து, ஒரு கணம் யோசித்து, உப்பு ஜாடியில் கை வைப்பாள். அத்தனை பேர் வாய்க்குமான கணக்கு அவள் மூக்கு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பண்டத்தை மென்று சாப்பிட ஆகும் நேரம் அதை வெறுமனே முகர்ந்துகொண்டிருந்தாலே அந்த வாசனையின் ஈர்ப்பு குறைந்துவிடுகிறது என்று 1997இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி எப்போதோ படித்தேன். வேறு பண்டங்களின் வாசனையில் அந்த அளவு குறைவதில்லையாம். அப்படியானால் அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. அன்று ராத்திரி, அடுப்படி வாசம் ஓய்ந்த பிறகு, சுண்டவைத்த அதே குழம்பை அவள் தோசைக்குத் தொட்டுக்கொண்டு நிறைவாகச் சாப்பிட்டதும் பொருந்துகிறது. இதை இத்தோடு விட்டிருக்கலாம்.

விடமுடியவில்லை. அதற்கு முந்தைய தீபாவளிக்கு அவளுக்கு ஓய்வு கொடுக்க எண்ணி மதியச் சாப்பாட்டை வெளியில் சொல்லி வாங்கினோம். வீட்டில் அடுப்பு எரியவில்லை, புகையில்லை, வாசமில்லை. அன்றும் அவள் ரசம் சாதத்தோடு எழுந்துவிட்டாள். அன்று எது அவள் வயிற்றை நிரப்பியது?

தாத்தா காலத்தில் இதே தென்னூரில் பொங்கலுக்கு முந்தின ராத்திரி கூடத்தில் வரிசையாக அரிவாள்மனைகள் இருக்கும். ஓர் அத்தை கருணைக்கிழங்கு நறுக்க, ஒருத்தி பரங்கிக்காய்க் கீற்றுப் போட, பிள்ளைகள் நாங்கள் மொச்சை உரிப்போம். சித்தப்பா காந்தி மார்க்கெட்டிலிருந்து கரும்பும் மஞ்சள் கொத்தும் தோளில் சுமந்து வருவார். அந்தக் கூடத்தின் கைகளுக்காகப் போட்ட பட்டியல்தான் இன்றும் எங்கள் வீட்டுப் பட்டியல். பதார்த்தம் ஒன்றுகூடக் குறையவில்லை. கைகள்தான் சென்னைக்கும் ஓசூருக்கும் போய்விட்டன, இலை போடும் நேரத்துக்கு வந்து சேர்கின்றன. பண்டிகைச் சமையல் பாரமாகிப்போனதற்கு இதைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன். அந்தக் கூடத்தையும் நான் பூசி மெழுகக்கூடாது. அங்கேயும் கடைசிப் பந்தியில் மோர் சாதத்தோடு எழுந்த சித்தி ஒருத்தி உண்டு.

மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. எங்கள் வீட்டுப் பிரதியில் எண்ணெய்க் கறை படியாத பக்கம் குறைவு. பக்கத்தில் பெரியவர்கள் இல்லாமல் தனிக்குடித்தனம் போன பெண்களுக்கு அது மாமியாராகவும் அம்மாவாகவும் இருந்தது. பெரிய உபகாரம். ஆனால் பல பேர் நினைவில் சிதறிக்கிடந்த சமையல் முழுவதும் ஒருத்தி தலைக்கு வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தானோ என்று தோன்றுகிறது.

காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கம் மடைப்பள்ளியில் அன்றாடம் புது மண்பானையில் தளிகை ஆகிறது. எந்த வேளைக்கு எது என்பது முன்பே வகுத்த முறை. அங்கேயும் யாரும் ருசி பார்ப்பதில்லை. என்ன செய்யலாம் என்ற கேள்வியோடு யாரும் அங்கே விடியலில் எழுந்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவே.

வீட்டில் அப்படியில்லை. மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடிப்பது, மொச்சை உரிப்பது, கிழங்கு நறுக்குவது எல்லாம் முந்தின நாளே ஆகும். தேங்காயை மட்டும் அன்றைக்கே அரைக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊசிவிடும். தென்னூர் உழவர் சந்தைக்கு அண்ணன் விடியலிலேயே போய்வரலாம். இதெல்லாம் பிரித்துக்கொள்ளக்கூடியது. எந்த அடுப்பில் எது எப்போது ஏறவேண்டும், யாருக்குக் கத்திரிக்காய் ஆகாது, எந்தப் பேரனுக்குக் காரம் கூடாது, பாட்டி காலத்து எந்தப் பண்டத்தை விட்டால் யார் மனம் வாடும் என்று அவள் தலைக்குள் ஓடுகிறதே, அதை எப்படிப் பங்கு போடுவது? வெளியில் வாங்கிய அன்றும் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். சாம்பார் போதுமா, பெரியப்பாவுக்கு அப்பளம் வந்ததா என்று அவள் கண் இலை இலையாகப் போய்க்கொண்டிருந்தது.

வருகிற பொங்கலுக்குக் குழம்பு முழுவதும் என் பொறுப்பு, உப்பு உட்பட, என்று சொல்லியிருக்கிறேன். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் பாரத்தை வாங்கிக்கொள்கிறேனா, இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவள் ஆண்ட இடத்தையே எடுத்துக்கொள்கிறேனா? கேட்டால் அவள் எனக்கு வருத்தம் வராத பதிலைத்தான் சொல்வாள். அதனால் கேட்கவும் தோன்றவில்லை.