வீணான உழைப்பா?

மறைப்பணிக்கென அனுப்பப்பட்ட குருவானவர் ஒருவர் மலை மலையாக ஏறிச் செடிகளைச் சேகரித்தால், அவர் தம் அழைத்தலுக்கு உண்மையாய் இருந்தார் எனலாமா? சீனத்தின் யூனான் மாநிலத்தில் உழைத்த அருட்தந்தை ழான் மாரி தெலவே (1834–1895) நம்முன் வைக்கும் கேள்வி இது. புதுச்சேரி மறைமாவட்ட வரலாற்றோடு பிணைந்த பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்தவரே அவரும்.

1881-இல் தாயகம் சென்றிருந்தபோது, இயற்கை ஆய்வில் புகழ்பெற்ற அருட்தந்தை அர்மான் தாவீது, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற்குச் செடிகளைச் சேகரித்து அனுப்புமாறு அவரைத் தூண்டினார். கூலியாட்களைப் பெரிதும் நம்பாது, தெலவே தாமே நடந்து, தாமே பறித்து, தாமே உலர்த்தினார். அவர் அனுப்பிய மாதிரிகள் ஏறத்தாழ 2,00,000.

அவற்றுள் ஒன்று பசுமை மாறாத மலைப்புதர். ஒலிவ மரத்துக்கும் நம் மல்லிகைக்கும் உறவான இனம். ஓரங்குல நீளமே உள்ள, விளிம்பில் பற்கள் கொண்ட தடித்த இலைகள். வசந்தத்தில் மணம் கமழும் வெண்பூக்கள். பாரிஸில் தாவரவியலார் பிரான்ஷே 1886-இல் அதற்குத் தெலவேயின் பெயரையே சூட்டினார். ('கண்டுபிடிப்பு' என்பது சற்றுப் பெரிய சொல்தான், அதன் மணத்தை மலைவாழ் மக்கள் முன்பே அறிந்திருப்பர்.) 1890-இல் அனுப்பிய விதைகளுள் ஒன்றே முளைத்ததாகத் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. அதிலிருந்து ஒட்டுக்கட்டியே ஐரோப்பியத் தோட்டங்களில் அச்செடி முதலில் பரவிற்று.

'பாருங்கள், பயன் விளைந்ததே!' என்று சிலர் அவருக்காக வாதாடக்கூடும். இவ்வாதம் நமக்கு உடன்பாடன்று. அந்த ஒரு விதையும் மண்ணில் மக்கிப் போயிருந்தால்? 1900-இல் பிரான்ஷே இறந்தபோது தெலவே அனுப்பிய கட்டுகள் பல பிரிக்கப்படாமலே கிடந்தன. பயனே அளவுகோலானால், அக்கட்டுகளுக்காக அவர் ஏறிய மலைகளெல்லாம் வீண். அதே கோல் மறைப்பணியையும் தலையெண்ணிக்கையாக்கிவிடும். பொழுதுபோக்கு என்பதும் பொருந்தாது. கொள்ளைநோய் கண்டு, முழுதும் தேறாத உடலோடு மீண்டும் மலையேறுவது பொழுதுபோக்கா?

யார் பார்ப்பார் என்று கேளாமல் ஓரங்குல இலையைக் கசங்காது பரப்பி வைத்த அப்பொறுமையை, அவரது குருத்துவத்திலிருந்து நம்மால் பிரிக்க இயலவில்லை. அவர் உண்மையாய் இருந்தார் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் ஓர் உறுத்தல் நீங்கவில்லை. அவர் உச்சியில் இலை பறித்த ஏதோ ஒரு நாளில், கீழே நோயுற்ற ஒருவர் அவர் வருகைக்காக வாசலைப் பார்த்துக் கிடந்திருக்கலாம்.