சொன்னால் போதாதா?

தமிழ் பெண்ணின் வயதை ஏழாகப் பிரித்து வைத்திருக்கிறது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். உலா இலக்கியங்கள் இந்த வரிசையில்தான் நடக்கும். ஐந்து வயதில் தொடங்கும் கணக்கு நாற்பதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் பெண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டால் அந்தப் பட்டியலில் பதில் கிடையாது. உலா வரும் தலைவனைப் பார்த்து மயங்குகிறவளுக்குத்தான் பருவம் தேவைப்பட்டது. மயங்கும் வயது முடிந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள்.

பேச்சு வழக்குக்கு வந்தால் தொடக்கத்துக்கு ஏகப்பட்ட சொற்கள். வயசுக்கு வந்தாள், பெரிய மனுஷி ஆனாள், சடங்கானாள். பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். முடிவுக்கு மட்டும், அதுவும் பெண்களுக்குள்ளே தணிந்த குரலில், ஒரே சொல்: "நின்னுபோச்சு." அந்த நிற்பதற்கு முன்னால் உடம்பு தடுமாறுகிற சில வருடங்கள் உண்டு. ஒரு மாதம் இருபது நாளில் வரும், அடுத்தது ஐம்பது நாள் கழித்து வரும். ராத்திரியில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை தீ ஏறினாற்போல இருக்கும். தூக்கம் போகும், மூட்டு வலிக்கும், காரணமில்லாமல் அழுகை வரும். இந்த வருடங்களுக்கு நம் பேச்சில் தனியாக ஒரு பெயர் இல்லை. டாக்டர்கள் பெரிமெனோபாஸ் என்கிறார்கள்.

பெயரில்லாத காலத்தில் இருப்பவள் தன் கஷ்டத்தை எப்படிச் சொல்வாள்? சொன்னால் யார் நம்புவார்கள்? இந்தக் கேள்வியைப் போடிநாயக்கனூரில் வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். ஏனென்றால் அங்கே ஒரு பெண்ணின் உடம்பு நல்லாயிருக்கிறதா என்பதை அவளைத் தவிர வேறு பலரும் தினமும் முடிவு செய்கிறார்கள்.

போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்தும் காலையில் ஜீப்புகள் மலையேறுகின்றன. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனால் தமிழ்நாடு முடிந்து இடுக்கி மாவட்டம் வந்துவிடும். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத் தோட்டங்கள். தோட்டம் கேரளத்தில், வேலை செய்யும் கை தமிழ்நாட்டில். காய் எடுப்பது பெரும்பாலும் பெண்கள் வேலை. ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்தாலும் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் காய்க்கும். அதனால் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். காலடியில் ஈரம், மேலே நிழல் மரம், சுற்றிலும் மூட்டம்.

இப்போது 46 வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். யாரோ ஒருத்தி, பெயர் வேண்டாம். மூட்டத்துக்கு எல்லோரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது இவளுக்கு மட்டும் வேர்த்து ஊற்றுகிறது. எந்த நாளில் வரும், எவ்வளவு போகும் என்று தெரியாத உதிரப்போக்கோடு இரண்டு மணி நேர ஜீப் பயணம், பிறகு கழிப்பறை இல்லாத சரிவில் எட்டு மணி நேரம். ராத்திரி தூங்கவில்லை. அவள் சொல்லிப் பார்க்கிறாள். வீட்டில், "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே" என்கிறார்கள். தோட்டத்தில், "முடியலைன்னா நாளையிலிருந்து வேற ஆளக் கூட்டிட்டு வந்துருவோம்" என்கிறார்கள். கடைசியில் யாரோ சொல்கிறார்கள்: "கீழ போயி ஒரு டெஸ்ட் எடுத்துப் பாரேன்." ஹார்மோன் டெஸ்ட். தைராய்டும் மற்றதும் சேர்த்து பேக்கேஜாக எடுத்தால் ஒரு நாள் கூலி போதாது. எடுக்கப் போனால் அன்றைய கூலியும் போய்விடும்.

அந்தப் பரிசோதனை என்ன சொல்லும்? மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சூலகத்தை வேலை செய்யச் சொல்லி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்புகிறது. சூலகம் பதில் தராவிட்டால் குரலை உயர்த்திக் கூப்பிடுகிற மாதிரி இன்னும் அதிகமாக அனுப்புகிறது. அதனால் எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால் சூலகம் ஓய்கிறது என்று அர்த்தம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த இடைக்காலத்தில் சூலகம் ஒரேயடியாக ஓய்வதில்லை. இந்த மாதம் பதில் சொல்லும், அடுத்த மாதம் சொல்லாது, அதற்கடுத்த மாதம் பழையபடி சொல்லும். எண்ணும் அதன்கூடவே ஏறி இறங்கும்.

போடிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்வரை போனது. அந்த ஒரு நாள் விலையை வைத்து அந்த வருட வரவு செலவை எழுதியவர் யாராவது இருந்தால் கடையைக் காலி செய்திருப்பார். எந்த வியாபாரியும் அப்படிச் செய்ய மாட்டார். போக்கைப் பார்ப்பார், பல வாரம் பார்ப்பார். ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஒரு காலையில் எடுத்த எண்ணை வைத்து மட்டும் அவள் உடம்பின் கதையை எழுதலாம் என்று நாம் எப்படியோ நம்புகிறோம்.

மருத்துவ உலகம் இதை நம்பவில்லை என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 45 வயதைத் தாண்டிய, மற்றபடி ஆரோக்கியமான பெண்ணுக்கு மாதவிடாய் ஒழுங்கு மாறி உடல் வெப்ப அலைகளும் வருகின்றன என்றால் ரத்தப் பரிசோதனை இல்லாமலேயே முடிவு சொல்லலாம் என்கிறது. எஃப்.எஸ்.எச்., ஏ.எம்.எச்., எஸ்ட்ராடியால் ஆகியவற்றை இதற்காக எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. இந்தப் பருவத்தைப் படிநிலைகளாகப் பிரிக்க 2011-ல் கூடிய சர்வதேச வல்லுநர்கள் முதன்மையாக வைத்துக்கொண்டதும் ரத்தத்தை அல்ல, நாட்களை. அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் ஏழு நாளோ அதற்கு மேலோ மாறிக்கொண்டே இருந்தால் முதல் கட்டம். அறுபது நாளோ அதற்கு மேலோ வராமல் இருந்தால் அடுத்த கட்டம். பன்னிரண்டு மாதம் முழுதாக வராமல் போன பிறகு திரும்பிப் பார்த்துத்தான் நின்றுவிட்டது என்று சொல்ல முடியும். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதிலேயே, மேலை நாட்டினரைவிடச் சில வருடம் முன்னதாகவே நேர்கிறது. நாம் நினைத்துக்கொண்ட பெண் சரியாக அந்த வாசலில்தான் நிற்கிறாள்.

ஆக, மருத்துவத்தின் விதிப்படியே அவள் சொல்தான் சான்று. சுவரில் தொங்கும் காலண்டரில் அவள் போட்டுவைக்கும் வட்டங்கள் ரத்தப் பரிசோதனையைவிட நம்பகமானவை. செலவும் இல்லை.

அப்படியிருந்தும் ஏன் தாள் கேட்கிறோம்? மிராண்டா ஃபிரிக்கர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 2007-ல் எழுதிய நூலில் இதற்கு இரண்டு பெயர் கொடுத்தார். ஒருவர் யார் என்பதாலேயே அவர் சொல்லின் மதிப்பைக் குறைத்து எடைபோடுவது ஒரு வகை அநீதி. ஒருவருக்குத் தன் அனுபவத்தைச் சொல்வதற்கான சொல்லே அவருடைய சமூகத்தில் இல்லாமல் போவது இன்னொரு வகை. நம் ஏலக்காட்டுப் பெண்ணுக்கு இரண்டும் நடக்கிறது. பெயர் இல்லாததால் அவள் "என்னமோ பண்ணுது" என்கிறாள். "என்னமோ" என்று சொல்கிறவளை யாரும் நம்புவதில்லை. முதலாளிக்குத் தலைவலி என்றால் யாரும் ஸ்கேன் கேட்பதில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எந்தக் காய் முற்றியது, எது இன்னும் இரண்டு வாரம் கிடக்க வேண்டும் என்பதை அந்தப் பெண் விரலாலும் கண்ணாலும் சொல்கிறாள். அதை நம்பித்தான் அத்தனை பெரிய வியாபாரம் நடக்கிறது. செடியைப் பற்றி அவள் சொல்வது அறிவு, தன் உடம்பைப் பற்றிச் சொல்வது புலம்பல். இந்தப் பிரிவினையை யார் போட்டார்கள்?

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. "நீங்கள் தத்துவம் பேசுங்கள், அவளுக்கு வேண்டியது தாள்தானே? புருஷனிடம் காட்ட, கங்காணியிடம் காட்ட, தனக்குப் பைத்தியம் இல்லை என்று தனக்கே காட்டிக்கொள்ள ஒரு தாள். மருத்துவ ரீதியாக உபயோகமில்லாவிட்டால் என்ன, வாழ்க்கையில் உபயோகப்படுகிறதே." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நம்பப்படாமலே பல வருடம் இருந்தவளுக்கு அச்சடித்த ஓர் எண் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வெளியே இருந்து பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

ஆனால் அந்த எண் ஏறி இறங்குவது என்று பார்த்தோம். அவள் ரத்தம் கொடுத்த காலையில் அது இறங்கியிருந்தால்? தாளில் "நார்மல்" என்று வரும். அதுவரை அவளை நம்பாதவர்களிடம் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. இப்போது அவர்கள் கையில் ஆதாரம் வந்துவிட்டது. "அதான் டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்துருச்சே, அப்புறம் என்ன?" அவள் காசிலேயே அவளுக்கு எதிராக ஒரு சாட்சியை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். சரி, எண் அவளுக்குச் சாதகமாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு நஷ்டம் உண்டு. தாள் காட்டினால்தான் நம்புவோம் என்ற வழக்கம் நிலைபெற்றுவிடும். அடுத்த வரிசையில் காய் எடுக்கிறவளுக்குத் தாள் எடுக்க வசதி இல்லை என்றால் அவளுக்கு வலியே இல்லை என்று ஆகிவிடும்.

நம்பாத சமூகத்தில் ஒரு பெண் என்ன விலை கொடுப்பாள் என்பதற்கு இன்னொரு மாநிலத்துச் சாட்சியம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் என்று 2019-ல் அரசு அமைத்த குழு கண்டது. பலர் முப்பதுகளில் இருந்தவர்கள். ஒரு நாள் விடுப்புக்கும் அபராதம், வயலில் கழிப்பறை கிடையாது, உதிரப்போக்கோடு போனால் "எடுத்துவிடு" என்ற ஆலோசனை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கம் குறித்த வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. வேலை உடம்புக்காக வளையாது, அதனால் உடம்பை வெட்டி வேலைக்குப் பொருத்தினார்கள். சொல்லை நம்ப மறுக்கும் இடத்தில் கத்தியை மட்டும் நம்புகிறார்கள்.

நம்புவது என்றால் தலையாட்டிவிட்டுப் போவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "அந்த வயசுதான், எல்லாம் சரியாயிரும்" என்பதும் கேட்காமல் இருப்பதன் இன்னொரு வடிவம்தான். உண்மையாகவே காதுகொடுத்தால் வேறு கேள்விகள் வரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. உதிரம் அதிகம் போகிறவளுக்கு முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். களைப்பும் படபடப்பும் தைராய்டாக இருக்கலாம், அதைப் பார்க்கலாம். நாள் தள்ளிப்போனால் கர்ப்பமாகவும் இருக்கலாம். கட்டி கட்டியாகப் போனால் ஸ்கேன் வேண்டும். நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டு வந்தாலும் அலட்சியம் கூடாது, புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும். நாற்பதுக்கு முன்பே நின்றுபோகிறது என்றால் எஃப்.எஸ்.எச். பரிசோதனைக்கு நிஜமான வேலை இருக்கிறது. நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையிலும் டாக்டர் அதைக் கேட்கலாம். அந்தப் பெண்களுக்கு எலும்பும் இதயமும் பல வருடப் பாதுகாப்பை முன்கூட்டியே இழக்கின்றன. ஆக, பரிசோதனைமேல் பகை இல்லை. அவள் சொன்னதைக் கேட்டு அதிலிருந்து கிளம்பும் பரிசோதனை ஒன்று, அவள் சொன்னதைக் கேட்காமல் இருப்பதற்காக எடுக்கும் பரிசோதனை வேறொன்று. இரண்டையும் ஒரே ஊசியில்தான் எடுக்கிறார்கள் என்பதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

நம்பினால் செலவாகும், அதுதான் இதில் உண்மையான சங்கடம். அவள் சொல்வது உண்மை என்று ஒத்துக்கொண்டால் சரிவில் கழிப்பறை கட்ட வேண்டும். தண்ணீர் வைக்க வேண்டும். முடியாத நாளில் குனியாத வேலை தர வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும், 5 ஹெக்டேருக்குக் குறையாத ஏலத் தோட்டத்துக்கும் கழிப்பறை, குடிநீர், மருத்துவ வசதி வேண்டும் என்று 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் பிற்பாடு திருத்தி எழுதினார்கள். ஜீப்பில் வந்து போகும் தினக்கூலிக்கு அது எந்த அளவுக்கு எட்டியது என்பதை அந்த ஜீப்பில் போகிறவர்களிடம் கேட்கலாம். தமிழ்நாட்டில் 2021-லிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. நல்ல திட்டம். ஆனால் பகலில் அவர்கள் கதவைத் தட்டும்போது இந்தப் பெண் எல்லைக்கு அந்தப் பக்கம் குனிந்து நிற்கிறாள். அவள் வீடு ஒரு மாநிலத்தின் பொறுப்பு, அவள் வேலை இன்னொரு மாநிலத்தின் பொறுப்பு. நடுவில் பதினேழு வளைவுகளில் அவள் யார் பொறுப்பும் இல்லை.

இத்தனையையும் ஒரு ரத்தக் குழாயில் அடைத்துக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. கேள்வி தோட்டத்திலிருந்து லேபுக்குப் போய்விடும், கூலியிலிருந்து ஹார்மோனுக்குப் போய்விடும். பதில் வரும்வரை யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பதில் "நார்மல்" என்று வந்தால் அப்புறமும் மாற்ற வேண்டியதில்லை.

அதனால் 46 வயதுப் பெண் ஒருத்தி "எனக்கு முடியலை" என்று சொல்லும்போது "டெஸ்ட் எடுத்தியா?" என்பது முதல் கேள்வியாக இருக்க முடியாது. எப்போதிருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு போகிறது, தூங்குகிறாயா, நாளைக்கு மலைக்குப் போகாமல் இருக்க முடியுமா என்றுதான் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு எந்த லேபிலும் பதில் கிடைக்காது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.