எகிப்தியர் துலையும் இருவினையொப்பும்

ஒரகடத்துத் தொழிற்சாலை வாயில்களில் எடைமேடையேறும் பாரவண்டியின் வெற்றெடையும் சரக்கேற்றிய எடையும் அறிந்த பின்னரே சரக்கின் எடை துணியப்படும். வண்டி வேறு, சரக்கு வேறு என்னும் தெளிவே ஆண்டு அடிப்படை. உயிரையும் வினையையும் ஆராயப் புகுவார்க்கும் அத்தெளிவு வேண்டற்பாலதாம்.

பண்டை எகிப்தியர் இறந்தோன் நெஞ்சைத் துலையிலிட்டனர். கி.மு. 1250 அளவில் எழுதப்பெற்று இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள ஆனி என்பானது பாப்பிரசு ஏட்டில் இக்காட்சி விளங்குகின்றது. ஒரு தட்டில் நெஞ்சு. மறுதட்டில் மாஅத் என்னும் வாய்மைத் தெய்வத்தின் தீக்கோழியிறகு. நரித்தலை அனுபிசு துலையை நோக்க, அரிவாள்மூக்கன் தலையுடைய தோத் முடிவை எழுதுவன். நெஞ்சு ஒவ்வாதாயின், முதலைத் தலையும் அரிமா முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் அதனை விழுங்கும்.

தமிழர் அந்நாட்டை அறியாதாரல்லர். செங்கடற்றுறையாகிய குசைர் அல்-காதிமில் 'பானை ஒறி' எனத் தமிழ்ப் பிராமி பொறித்த மட்கலவோடு கிடைத்துளது. ஆயினும் இதுகொண்டு ஒரு சமயம் மற்றொன்றினின்று தோன்றிற்றென்றல் துணிபன்று. கருத்தினையே ஒப்புநோக்குவாம்.

நெஞ்சு தனக்கெதிராகச் சான்று பகராதிருக்க வேண்டும் மந்திரத்தை வண்டுருக் கல்லிற் பொறித்துப் பிணத்தின் மார்பில் வைத்தலும் எகிப்தியர் வழக்கு. வாய்மைத் துலையின்முன் சான்றின் வாயடைத்தல் முரணன்றோ எனின், முரணே. ஆயினும் அதனை இகழுமுன் நம்மை நோக்குதல் கடன். திருநீறும் கண்டிகையும் செய்த தீமைக்குத் திரையாகுமென்று ஒருவன் பூணுவனாயின், அவனும் அவ்வண்டுருவையே மார்பில் வைத்தானாவன். குறை குறியினதன்று, பூண்டான் கருத்தினதே.

சித்தாந்தத்தில் வினை சடமாகலின் தானே பயன் தாராது. அறிந்து ஊட்டுவோன் இறைவன். அவன்முன் மறைத்தற்குரிய சான்று யாதுளது? மேலும், உயிர் நித்தமாகலின் விழுங்கி ஒழிக்கப்படுவதன்று, தண்டமும் திருத்தற்பொருட்டேயாம்.

அற்றேல், இருவினையொப்பும் ஒரு துலையன்றோ எனின், அன்று. நல்வினையும் தீவினையும் நிறையால் ஒத்தல் அதன் பொருளன்று. இரண்டன் பயனிலும் உவர்ப்பு ஒப்ப நிகழ்தலே அதன் பொருளெனச் சிவஞான முனிவர் மாபாடியத்துள் தெளிவுறுத்தினார். அஃது இறந்தபின் நிகழும் தீர்ப்பன்று. உடலோடு வாழுங்காலத்தே உயிர் எய்தும் பக்குவம். எகிப்தியர் துலை சுமையின் அளவை வினவும். இருவினையொப்போ சுமை வேறு, தான் வேறென உயிருக்கு உணர்த்தி, அருள் பதிதற்கு வாயிலாகும்.

ஆகலின் நாம் பூணும் குறிகள் நெஞ்சை மறைத்தற்கல்ல, திறத்தற்கேயென்று கொள்க.